அகலெழுத்தும் பல்பைற்றுத் தொடரும்: பண்டத்தரிப்பு என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1

வலிகாமத்து ஊர்ப்பெயர்களைத் தொகுக்கும் பணியில் ஈடுபட்டிருந்த வேளை, நிறுவனமொன்றிலிருந்து எமக்குக் கிடைத்த கணினிப் பட்டியலிற் பண்டத்தரிப்பு என்னும் பெயர் இருந்திருக்கவேண்டிய இடத்திற் பதின்மூன்று வினாக்குறிகள் காணப்பட்டன. அருகிலிருந்த ஆங்கிலப் பத்தியில் அதே பெயர் பழுதின்றி இருந்தமையாலேயே அவ்வினாக்குறிகள் எவ்வூரைச் சுட்டின என்பதை அறிய முடிந்தது.

பண்டத்தரிப்பு என எழுதுவதற்குத் தமிழில் எட்டு எழுத்துக்களே வேண்டும். ப, ண், ட, த், த, ரி, ப், பு என்பன அவை. எட்டு எழுத்துக்கள் பதின்மூன்று வினாக்குறிகளாயினமை எங்ஙனம்? கணினி புள்ளியைத் தனிக்குறியாகவும் உயிர்மெய்யில் வரும் உயிர்க்குறியைத் தனிக்குறியாகவும் எண்ணுகின்றது. எட்டு எழுத்துக்களோடு மூன்று புள்ளிகளும், இகரக் குறியும் உகரக் குறியும் சேரப் பதின்மூன்றாகின்றன. ஆகவே அவ்வூரின் பெயர் ஒரு கட்டம்வரை கணினியுள் முழுமையாகவே இருந்துள்ளது. அதனை வெளியே அனுப்பும் வாயிலிலேதான் குறிக்கு ஒரு வினாக்குறியாக அது அழிக்கப்பட்டுள்ளது.

இத்தகைய நிகழ்வுகளைத் தொழினுட்பக் கோளாறு என்று கூறி அப்பாற் செல்வதே வழக்கம். இலக்கிய மாணவர்களாகிய நாமும் அவ்வாறே செய்து வந்துள்ளோம். ஆனால் எழுத்து ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாறும் ஒவ்வொரு சந்தர்ப்பமும் உற்பத்திச் சாதனங்களோடும் அவற்றை உடைமையாகக் கொண்டிருந்தோரோடும் தொடர்புடையது. ஓலையிலிருந்து அச்சுக்கு மாறியமை பற்றி விரிவாக ஆராய்ந்துள்ள நாம், அச்சிலிருந்து பைற்றுக்கு மாறியமை பற்றி அதே வரலாற்று நோக்கில் ஆராய்வது அவசியமாகின்றது. ஒரு குறிமாற்றத்தைச் சமூக நிலைநின்று மதிப்பிடுவதற்குரிய அளவுகோல், மாற்றப்பட்டதை மீளப் பெறமுடியுமா என்பதே. மீளாதவிடத்து அவ்விழப்பு எவர்மேற் சுமத்தப்படுகின்றது என்பது அடுத்த வினா. இவ்விரு வினாக்களையும் பண்டத்தரிப்பு என்னும் ஒரு பெயரின் வழியாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

தமிழ் அந்நிய எழுத்துக்கு மாற்றப்பட்டமை கணினியோடு தொடங்கியதன்று. 1554ஆம் ஆண்டில் லிஸ்பனில் அச்சிடப்பட்ட சமய வினாவிடை நூலிலே தமிழ், றோமன் எழுத்திலேயே அச்சேறியது. தமிழுக்குரிய அச்செழுத்துக்கள் அன்று அங்கு இருக்கவில்லை. 1578இற் கொல்லத்தில் அச்சிடப்பட்ட ‘தம்பிரான் வணக்க’த்திலேயே தமிழ் தன் எழுத்திற் பதிக்கப்பட்டது. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட கால் நூற்றாண்டு, ஒரு மொழியின் எழுத்து அச்சேறுவதற்கு அறிவு மாத்திரமன்றி உலோகமும் முதலும் தொழிலாளரும் தேவை என்பதை உணர்த்துகின்றது.

பண்டத்தரிப்பு போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் கோவிற்பற்றாக விளங்கிய ஊர். 1672இல் வெளிவந்த பல்தேயுவின் நூல் அதனை யாழ்ப்பாணத்துக் கோவிற்பற்றுக்களுள் ஒன்றாக விவரிக்கின்றது. 1820இல் அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் அங்கு நிலைகொண்டு மருத்துவப் பணியைத் தொடங்கினார். மிசனரிமாரின் ஆங்கிலப் பதிவுகளில் அவ்வூரின் பெயர் ‘பண்டிதெரிப்போ’ என வாசிக்கத்தக்கவாறு எழுதப்பட்டது. இதனைக் கூர்ந்து நோக்கின், தகர ஒற்று மறைந்துள்ளது. டகரத்தின் அகரம் இகரமாயிற்று. தகரத்தின் அகரம் எகரமாயிற்று. ஈற்று உகரம் ஓகாரம் போலாயிற்று. இவ்வுருவத்தை மாத்திரம் கையிற் கொண்ட ஒருவர் பண்டத்தரிப்பு என்னும் மூலத்தை எவ்விதியினாலும் மீளப் பெறமுடியாது. ஊரை முன்னரே அறிந்தவர்க்கன்றி ஏனையோர்க்கு அது ஒருவழிப் பாதையாகும். எழுதியோருக்கு இதனால் யாதொரு நட்டமும் ஏற்படவில்லை. அவர்களுடைய நிருவாகத் தேவைக்கு அவ்வுருவம் போதுமானதாயிருந்தது.

அதே 1820இல் அமெரிக்க மிசன் அனுப்பிய அச்சாளர் ஜேம்ஸ் கறற் யாழ்ப்பாணம் வந்தபோது, அவர் இங்கு தங்குவதற்குக் குடியேற்ற அரசு அனுமதி மறுத்தது. அவர் பம்பாய்க்குச் செல்ல நேர்ந்தது. அச்சுச் சாதனத்தைக் கையாளும் உரிமையை எவர் பெறலாம் என்பதை அரசே தீர்மானித்தது. 1830களின் நடுப்பகுதியில் மானிப்பாயில் அமெரிக்க மிசன் அச்சகம் இயங்கத் தொடங்கியது. 1836இற் ஸ்கடரும் வின்சுலோவும் சென்னை சென்றனர். தமிழ் நூல்களை அச்சிடுவதற்கான நிலையமொன்றை அங்கு நிறுவுவது அவர்களது நோக்கங்களுள் முக்கியமானது. அவ்வாறு உருவான சென்னை அமெரிக்க மிசன் அச்சகத்திலேயே 1862இல் வின்சுலோவின் பேரகராதி ஹண்டினால் அச்சிடப்பட்டது. மானிப்பாயிலிருந்து 1841இல் ‘உதயதாரகை’ வெளிவந்தது. 1849இல் ஆறுமுக நாவலர் சென்னையில் அச்சியந்திரம் வாங்கி வண்ணார்பண்ணையில் நிறுவினார். நாவலரின் சமய நோக்கும் சாதிசார்ந்த சமூக நோக்கும் எமக்கு உடன்பாடானவை அல்ல. எனினும் உற்பத்திச் சாதனம் கைமாறியபோதே எதனை எவ்வடிவில் அச்சிடுவது என்னும் தீர்மானமும் கைமாறிற்று என்பது மனங்கொளத்தக்கது.

அச்சகத்தின் உள்ளேயும் ஒரு குறிமாற்றம் நடைபெற்றது. ‘கெ’ என்பதை வாசிப்பவர் ஓரெழுத்தாகவே கொள்வார். அச்சுக்கோப்பவரோ கொம்பை முதலில் எடுத்து, பின்னர் ககரத்தை எடுப்பார். ‘கொ’ என்பதற்கு அவர் கை மூன்று அச்செழுத்துக்களைத் தேடும். மொழியின் ஒழுங்கைப் பார்வையின் ஒழுங்காக மாற்றும் இவ்வேலையை அச்சுத் தொழிலாளர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கைப்பழக்கமாகச் செய்து வந்தனர். இவ்வறிவு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. பின்னர் கணினி நிரலர்கள் பெரும் இடர்ப்பாட்டோடு விதிகளாக வகுத்தது இதனையே.

3

தட்டச்சுப்பொறி இவ்வரலாற்றின் அடுத்த கட்டமாகும். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் புலம்பெயர்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கினார். 247 எழுத்துக்களை ஆங்கிலப் பொறியின் மிகச் சில விசைகளுக்குள் அடக்குவதே அவர் எதிர்நோக்கிய பிரச்சினை. பொறியைத் தமிழுக்கேற்பப் புதிதாக ஆக்குவதற்கான தொழிற்றுறை தமிழரிடம் இருக்கவில்லை. எனவே தமிழே பொறிக்கேற்பக் கூறுகளாக உடைக்கப்பட்டது.

கணினியிலும் இதுவே நிகழ்ந்தது. 1963இல் வகுக்கப்பட்ட அமெரிக்க நியமமாகிய அஸ்கி 128 இடங்களைக் கொண்டது. அவை ஆங்கிலத்துக்கும் இலக்கங்களுக்கும் குறிகளுக்கும் கட்டளைகளுக்குமே போதுமானவை. 1972 அளவிற் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி உருவாக்கிய சி நிரல்மொழி, எழுத்து என்பதையும் பைற்று என்பதையும் ஒரே பெயரால் அழைத்தது. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை இது பிழையன்று. ஆயின் ஒரு குறித்த சமூகத்தின் அனுபவம் உலகப் பொதுவிதியாக முன்வைக்கப்படுவதற்கு இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

இவ்விதியை உடைப்பதற்கு யப்பானால் இயன்றது. ஆயிரக்கணக்கான எழுத்துக்களைக் கொண்ட யப்பானிய மொழி ஒரு பைற்றில் அடங்காது. யப்பானிடம் கணினித் தொழிற்றுறையும் சந்தையும் இருந்தன. 1989-90இற் சி மொழி நியமமாக்கப்பட்டபோது அகலெழுத்தும், அதனைப் பல்பைற்றுத் தொடராக மாற்றும் செயற்கூறுகளும் அதில் இடம்பெற்றன. 1995ஆம் ஆண்டின் திருத்தம் அவற்றை விரிவாக்கியது. இம்முயற்சியில் யப்பானியர் பங்கு பெரிது.

தமிழரிடம் அத்தகைய முதல் இருக்கவில்லை. அவர்களுக்குக் கிட்டிய வழி எழுத்துரு மாத்திரமே. இலங்கையிற் பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துரு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். தட்டச்சு விசையொழுங்கைப் பெரிதும் தழுவிய இதில், ஆங்கில ‘எம்’ எழுத்தின் எண்ணிலே அகரத்தின் உருவமும், ‘கே’ எழுத்தின் எண்ணிலே மகரத்தின் உருவமும் வைக்கப்பட்டன. கணினிக்குத் தமிழ் என ஒன்று உண்டென்பதே தெரியாது. அது ஆங்கில எழுத்துக்களையே சேமித்தது. தமிழ் எழுத்துருவின் பெயரில் மாத்திரமே வாழ்ந்தது. கோப்பு வெறும் உரையாகச் சேமிக்கப்பட்டு எழுத்துருவின் பெயர் அகன்றதும், எது தமிழ் எது ஆங்கிலம் எனப் பிரித்தறிய இயலாத குழப்பம் எஞ்சியது. போர்க்காலத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பாமினியாற் பெற்ற பயன் பெரிதென்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மீளத்தக்க பதிவு என்ற அளவில் அது பலவீனமானது.

1990களின் பிற்பகுதியில் சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா, தமிழ்நாடு ஆகிய இடங்களிலிருந்த தமிழ்க் கணினியாளர் கூடி விவாதித்ததன் பயனாகத் திஸ்கி என்னும் குறியமைப்பு உருவானது. 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டில் வேறு குறியமைப்புக்கள் முன்வைக்கப்பட்டன. திஸ்கியிலே ஆங்கிலம் தன் 128 இடங்களை வைத்துக்கொள்ள, எஞ்சிய பாதியிலே தமிழ் அமைந்தது. ஒற்றெழுத்துக்களுக்கும் உகர உயிர்மெய்களுக்கும் தனி இடங்கள் தரப்பட்டமையால் பண்டத்தரிப்பு அதில் ஒன்பது பைற்றுக்களில் அடங்கும். ஆனால் ஒரே கோப்பிலே தமிழும் சிங்களமும் ஒருங்கே அமைய அதில் இடமில்லை. இந்நாட்டைப் பொறுத்தவரை இது சிறு குறைபாடன்று.

4

1991இல் வெளிவந்த ஒருங்குறி எல்லா மொழிகளுக்கும் தனித்தனி எண்களை வழங்கியது. தமிழ் அதிற் பெற்ற இடம் இந்திய நியமமாகிய இஸ்கியின் 1988ஆம் ஆண்டு அமைப்பைப் பின்பற்றியது. தேவநாகரியை மாதிரியாகக் கொண்ட அவ்வமைப்பின் தடயத்தை இன்றும் காணலாம். ககரத்தின் எண் 2965. ஙகரத்தின் எண் 2969. இடையிலுள்ள மூன்று இடங்கள் வெறுமையானவை. வடமொழி வருக்க எழுத்துக்களுக்காக ஒதுக்கப்பட்ட இருக்கைகள் அவை. னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே எண்களின் ஒழுங்கிற் சொற்களை அடுக்கினால் தமிழ் அகரவரிசை கிட்டாது. தமிழ் தன் இலக்கண அமைப்பால் அன்றி, ஒரு பொது அச்சின் அளவால் வகுக்கப்பட்டமையின் விளைவு இது.

இவ்வெண்களே சி மொழியில் அகலெழுத்துக்களாகின்றன. கணினியின் உள்ளே ஒவ்வொரு குறிக்கும் ஒரே அகலம் உண்டு. லினக்ஸ் கணினிகளில் அது நான்கு பைற்று. விண்டோஸ் கணினிகளில் இரண்டு பைற்று. உரை உள்ளே உருவாகும்போது இவ்வகலம் வசதியானது. ஆனால் உரை கோப்பாகவும் செய்தியாகவும் புழக்கத்துக்கு வரும்போது பைற்றுத் தொடராதல் வேண்டும். அதற்குப் பெரிதும் பயன்படும் யு.டி.எப்.-8 என்னும் முறையை 1992இற் கென் தொம்சனும் றொப் பைக்கும் வகுத்தனர். இதில் ஆங்கில எழுத்து ஒரு பைற்றிலேயே நிற்கும். தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று பைற்றுக்கள் வேண்டும். 2965 என்னும் ககரம் 224, 174, 149 என மூன்று எண்களாக வெளிவரும்.

மாற்றத்தைச் செய்யும் செயற்கூறு மூன்று பொருள்களைப் பெறுகின்றது: வெளியீட்டுக்குரிய இடம், மாற்றவேண்டிய அகலெழுத்துத் தொடர், அவ்விடத்தின் பைற்றளவு. மாற்றம் நிறைவேறினால் எழுதப்பட்ட பைற்றுக்களின் தொகையைத் திருப்பித் தருகின்றது. இங்கு மூன்று இடங்களிற் தமிழ் இடறுகின்றது.

முதலாவது, மொழியிட அமைவு. நிரல் தொடங்கும்போது அது எந்த நாட்டையும் மொழியையும் சாராத அமைவொன்றில் இருப்பதாகக் கொள்ளப்படும். நடைமுறையில் அது பெரும்பாலும் அஸ்கியின் உலகமே. நிரலர் தெளிவாகக் கட்டளையிட்டு அமைவை மாற்றாவிடின், பண்டத்தரிப்பின் முதற் பகரத்திலேயே மாற்றம் நின்றுவிடும். செயற்கூறு -1 என்னும் பெறுமானத்தைத் தரும். ‘இவ்வெழுத்தை இவ்வமைவில் எழுத இயலாது’ என்பது அதன் பொருள். இலங்கைத் தமிழுக்கென ஓர் அமைவு க்னூ சி நூலகத்தில் இன்று உண்டு. அதனைப் பயன்படுத்த வேண்டும் என்ற உணர்வே தேவை.

இரண்டாவது, இடத்தின் அளவு. ஆங்கிலத்தில் வழக்கமாக எழுதப்படும் முறையில் இவ்வூரின் பெயர் பதின்மூன்று எழுத்துக்களைக் கொண்டது. எனவே பதின்மூன்று பைற்றுக்கள். தமிழிலும் பதின்மூன்று குறிகளே. ஆயினும் முப்பத்தொன்பது பைற்றுக்கள். ஊர்ப்பெயருக்கு முப்பது பைற்றுக்கள் போதும் என ஆங்கிலப் பெயர்களைக் கொண்டு கணித்த ஒருவரின் நிரலிற் பத்துக் குறிகளே இடம்பெறும். ‘பண்டத்தரிப’ என்பதோடு பெயர் முறிந்துவிடும். குறியொன்றின் பைற்றுக்களை இடையில் வெட்டாதிருக்கும்படி நியமம் கூறுகின்றது. ஆனால் பகரத்தின் புள்ளியைத் துண்டிப்பதை அது தடுப்பதில்லை. தமிழின் எழுத்து எது என்பது அதற்குத் தெரியாது. இங்கு -1 என்னும் எச்சரிக்கையும் இல்லை. நிரப்பப்பட்ட முப்பது என்னும் தொகையே திரும்பி வரும். அதனை ஐயத்தோடு நோக்குவது நிரலரின் பொறுப்பு.

மூன்றாவது, ஒழுங்கு. பழைய திஸ்கிக் குறியமைப்புக்கு மாற்றும்போது ககரத்தைக் கண்டவுடன் அதனை எழுதிவிட முடியாது. அடுத்து எகரக் குறியோ ஒகரக் குறியோ வருமாயின் கொம்பு முன்னே செல்லவேண்டும். ஆகவே மாற்றி, தான் கண்டதை நினைவில் வைத்துக் காத்திருத்தல் வேண்டும். இவ்வாறு நிலையை நினைவில் வைக்கும் வசதி 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் செயற்கூறுகளில் உண்டு. அச்சுக்கோப்பவரின் கை அறிந்திருந்த அதே அறிவு இங்கு நினைவகத்தின் சில பைற்றுக்களாகத் திரும்பியுள்ளது.

5

மூன்று பைற்றுக்கள் தமிழுக்கு இழைக்கப்பட்ட அநீதி என வாதிடுவோர் உளர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. 140 பைற்றுக்களைக் கொண்ட கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்துக்கள் கிடைத்தபோது, இரண்டிரண்டு பைற்றாகச் சென்ற தமிழுக்கு 70 குறிகளே கிடைத்தன. அதனால் ஒரே கருத்தை அனுப்பத் தமிழ் உழைப்பாளி கூடுதலாகச் செலவிட நேர்ந்தது. எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் வழங்கும் பதினாறு பிற்றுத் தமிழ்க் குறியமைப்பைத் தமிழ்நாட்டு அரசு 2010இல் ஒருங்குறியோடு ஏற்றுக்கொண்டமைக்கு இத்தகைய வாதங்கள் பின்னணியாயிருந்தன. அவ்வமைப்பிற் பண்டத்தரிப்பு பதினாறு பைற்றுக்களில் அடங்கும்.

எனினும் பைற்றின் தொகையை மாத்திரம் கொண்டு தீர்ப்புக் கூறுவது பொருளின் அளவைக் கண்டு அதன் உறவைக் காணாதுவிடும் போக்காகும். ‘பண்டிதெரிப்போ’ மிகச் சிக்கனமானது, ஆனால் மீளாதது. முப்பத்தொன்பது பைற்றுக்கள் விரிவானவை. ஆனால் ஒரு புள்ளியும் குறையாது பண்டத்தரிப்பை மீளத் தருபவை. மேலும் யு.டி.எப்.-8இற் சிங்களக் குறியும் மூன்று பைற்றே. இரு மொழிகளும் ஒரே கோப்பில் ஒரே விலையில் நிற்கின்றன. இரு மொழி பேசும் உழைக்கும் மக்களும் ஒரே தடையை எதிர்கொள்கின்றனர் என்பதை இனவாத நோக்கு மறைத்துவிடும்.

சட்டத்திலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பின்னர், 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தம் நிருவாகத்தில் தமிழின் இடத்தை விரித்துரைத்தது. சட்டம் வழங்கிய இடத்தை முப்பது பைற்றுப் பத்தியொன்று ஓசையின்றிப் பறித்துவிடலாம். பிறப்புப் பதிவிலும் காணிப் பதிவிலும் பெயரின் ஈறு முறிவது எழுத்துப்பிழை எனத் தோன்றலாம். ஆனால் அதனைத் திருத்துவதற்கு அலுவலகம் அலுவலகமாக அலைபவர் வேலைநாட் கூலியை இழக்கும் ஒருவராகவே இருப்பார்.

இன்னொரு சான்றும் உண்டு. முந்திரி முதலான பழந்தமிழ்ப் பின்னக் குறிகளும் கணக்குக் குறிகள் பலவும் 2019இலேயே ஒருங்குறியிற் சேர்க்கப்பட்டன. 320இல் ஒன்றைக் குறிக்கும் முந்திரியின் எண் 73664. இது பதினாறு பிற்று எல்லையாகிய 65535ஐ விஞ்சியது. எனவே இரண்டு பைற்று அகலெழுத்தில் அது ஓரிடத்தில் அடங்காது. இரண்டாகப் பிளந்தே நிற்கும். நெல்லையும் நிலத்தையும் அளந்த மக்களின் கணக்கு, உலக வணிகம் வகுத்த ‘அகல’த்துக்கு வெளியே நின்றது என்பது கருதத்தக்கது.

6

தொடக்கத்திற் கூறிய வினாக்குறிகளுக்கு வருவோம். செயற்கூறு தன் இயலாமையை -1 என்று வெளிப்படையாகவே அறிவிக்கின்றது. அவ்வறிவிப்பை மறைத்து, எழுத இயலாத ஒவ்வொரு குறிக்கும் பதிலாக வினாக்குறியை இட்டு, வேலை நிறைவேறியதாகக் காட்டுவது நிரலாக்கியோரின் தெரிவு. இயந்திரம் நேர்மையாக இருக்கையில் அதனைச் சூழ்ந்த நிறுவன ஒழுங்கு இழப்பை மறைக்கின்றது.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அத்திட்டமிட்ட வன்செயலையும் குறிமாற்ற இழப்பையும் ஒப்பிடுவது எமது கருத்தன்று. ஆனால் அவ்வழிவை அனுபவித்த சமூகம், எஞ்சிய எழுத்து ஓசையின்றி அழிவதையிட்டு அலட்சியமாக இருத்தல் ஆகாது. 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் போன்ற முயற்சிகள் பெரிதும் தன்னார்வ உழைப்பாலேயே முன்னெடுக்கப்பட்டமை, இச்சுமையை இதுவரை எவர் தாங்கினர் என்பதைக் காட்டும்.

எனவே சில கடமைகள் எம்முன் உள்ளன. பெயர்ப் பத்திகளின் அளவு தமிழ், சிங்களக் குறிகளின் பைற்றுத் தொகையைக் கொண்டே தீர்மானிக்கப்படல் வேண்டும். மாற்றம் தவறியவிடத்து அத்தவறு மறைக்கப்படாது அறிவிக்கப்படல் வேண்டும். பாமினியில் எஞ்சியுள்ள ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றும்போது மூலக் கோப்பும் எழுத்துருவும் மாற்றிய விதிகளும் உடன் பேணப்படல் வேண்டும். அச்சுக்கோப்பாளரும் தட்டச்சாளரும் இன்னும் எம்மிடையே வாழும் இக்காலத்திலேயே அவர்களது தொழிலறிவு பதிவு செய்யப்படல் வேண்டும். இவை கணினியாளருக்கு மாத்திரம் விடப்படத்தக்க பணிகளல்ல. மூலபாடத் திறனாய்வை அறிந்த தமிழ் மாணவர்க்கும் இவற்றிற் பங்குண்டு. ஏடுகளின் பாடபேதங்களை ஆராய்ந்தோரின் வழிவந்த நாம், பைற்றுக்களின் பாடபேதங்களையும் ஆராயும் கடமை உடையோம் என்பதே இக்கட்டுரையின் துணிபாகும்.